பவுலினம்மாவின் குதிரை

தான் எழுதிய இசை அச்சாகி வந்ததை முதன்முதலாகப் பார்த்தபோது பவுலினுக்கு இருபத்து நான்கு வயது. அதை ஒரு மாணவிதான் கொண்டுவந்து பள்ளிக்கூடத்துப் பியானோவின் மேல் வைத்தாள்.

"மிஸ், இதைக் கத்துக் குடுக்கறீங்களா? நம்ம பெங்களூர்க்காரர் லண்டன்ல எழுதினதாம். சவுத் பரேட் கடையில அப்பா வாங்கித் தந்தாரு."

அது 1914ஆம் வருஷம். தடித்த அட்டையில் 'சொனாட்டா' என்று பெரிதாகவும், அதற்குக் கீழே ஓஸ்வால்ட் என்ற பெயரும் இருந்தன. பவுலின் முதல் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். நடுவில் எதையும் பார்க்கத் தேவையிருக்கவில்லை. இரண்டு வருஷம், வகுப்புகள் முடிந்த பிறகு, இதே பியானோவில் உட்கார்ந்து அவள் எழுதியது அது. ஓரிடத்தில் அவள் போட மறந்துவிட்ட ஒரு குறிகூட அப்படியே விடுபட்டு அச்சாகியிருந்தது.

"இன்னைக்கு ஸ்கேல்ஸ் பயிற்சி மட்டும் வாசி," என்றாள் மாணவியிடம். அரை மணி நேரமும் அந்தப் பெண் வாசித்ததைக் கேட்டுத் தப்புகளைத் திருத்தினாள். போகும்போது அவளிடமிருந்து அந்தப் பிரதியை இரவல் வாங்கிக்கொண்டாள்.

பவுலினின் அப்பா ராணுவ உடுப்புக் கிடங்கில் குமாஸ்தா. வட ஆற்காட்டிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்கு வந்து மூன்று தலைமுறை ஆன கத்தோலிக்கக் குடும்பம். எட்டு வயதில் கன்னியாஸ்திரிகளிடம் பியானோ கற்க ஆரம்பித்தவள், பதினாறு வயதுக்குள் அவர்களிடம் இருந்ததையெல்லாம் கற்று முடித்துவிட்டாள். அந்தக் கோயில் பங்கில் அவளுக்கு ஈடாக வாசிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். குதிரைப்படைக்குப் புல்லும் கொள்ளும் சப்ளை செய்த காண்ட்ராக்டரின் மகன் ஓஸ்வால்ட். அவளைவிட மூன்று வயது பெரியவன். நீளமான விரல்கள். எந்த இசையைக் கொடுத்தாலும் அதை எழுதியவனே போல வாசிப்பான். ஆனால் சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் முழிப்பான். அவளுக்கு அது தெரியும். அதைப் பெரிதாக நினைத்ததில்லை. இரண்டு வீட்டிலும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

லண்டனில் ஓர் இசைக் கல்லூரி உதவித்தொகை அறிவித்தபோது, தன் சொனாட்டாவை அனுப்பப்போவதாக பவுலின் அவனிடம் சொன்னாள்.

"உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு," என்று சிரித்தான் ஓஸ்வால்ட். "என்கிட்ட குடு. சுத்தமா எழுதி நானே தபால்ல போடறேன்."

அவள் எல்லாவற்றையும் கொடுத்தாள். அடித்துத் திருத்திய காகிதங்களையும் சேர்த்துத்தான். மூன்று மாதம் கழித்து உதவித்தொகை ஓஸ்வால்டுக்குக் கிடைத்தது. தன் வாசிப்புக்காகக் கொடுத்தார்கள் என்றான். அவளுடையது தேர்வாகவில்லை என்றான். அவள் அவனுக்காகச் சந்தோஷப்பட்டாள். ஸ்டேஷன் வரைக்கும் போய் வழியனுப்பினாள். முதல் வருஷம் மாதம் ஒரு கடிதம் வந்தது. அப்புறம் நின்றுபோயிற்று.

அச்சான பிரதியை எடுத்துக்கொண்டு அவள் நேராக அவன் அப்பாவிடம் போனாள். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் வெளியே நின்றிருந்தபோது, பங்குச் சாமியாரிடம் சொல்வது போல எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"இந்தப் பொண்ணு என் மகனுக்கு நகல் எழுதிக் குடுத்துச்சு, ஃபாதர். அவ்வளவுதான். கல்யாணம் தட்டிப்போன ஆத்திரத்துல இப்போ என்னென்னமோ பேசுது."

நகல் எழுதினவள். ஒரு வாரத்துக்குள் கண்டோன்மென்ட் முழுக்க அந்தப் பேச்சுதான். லண்டன் பதிப்பாளருக்கு அவள் எழுதினாள். கைப்பிரதியை அனுப்பும்படி மரியாதையாகப் பதில் வந்தது. அனுப்ப அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை. வருஷக் கடைசியில் பள்ளிக்கூடத்திலும் அவளை நிறுத்திவிட்டார்கள். தகராறு பிடித்த டீச்சரிடம் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்களாம்.

அவள் அழுதாளா என்று யாருக்கும் தெரியாது. ஜெபத்தில் அவனுடைய நாசத்தைக் கேட்டாள் என்று அவளே பின்னாளில் சொல்லியிருக்கிறாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அதையும் சொன்னாளாம். மன்னிக்கப் பழகு என்றார் சாமியார். அந்த வருஷத்திலிருந்து அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

1916இல் கண்டோன்மென்ட்டில் பிளாக்பள்ளிப் பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பயாஸ்கோப் கொட்டகையில் பியானோ வாசிக்க ஆள் தேடினார்கள். ஊமைப் படங்களுக்குக் கூடவே வாசிக்க வேண்டும். கௌரவமான வீட்டுப் பெண்கள் போகிற வேலை இல்லை. பவுலின் போனாள்.

அங்கே பெர்னார்ட் என்று ஒருவன் ஃபிடில் வாசித்தான். அவளைவிட ஆறு வயது சின்னவன், கலகலப்பானவன். ஜட்காக்காரர்கள், கறிக்கடைக்காரர்கள், பாரக்ஸ் சிப்பாய்கள் என்று பிளாக்பள்ளியில் அவனுக்குத் தெரியாத ஆள் இல்லை. முதல் நாளே அவளை அக்கா என்றான். பதினைந்து வருஷம் அவர்கள் இருவரும் திரைக்குக் கீழே அடுத்தடுத்து உட்கார்ந்து வாசித்தார்கள்.

படங்கள் வாரத்துக்கு வாரம் மாறின. ஆனால் எல்லாப் படத்திலும் ஒரு துரத்தல் இருந்தது. யாரோ ஒரு அயோக்கியன் குதிரையில் ஓடுவான், கதாநாயகன் துரத்துவான். அதற்கு பவுலின் இடது கையில் குளம்புச் சத்தம் போல ஒரு ஓட்டத்தைப் பிடித்தாள். வலது கை அதன்மேல் ஏறி, உச்சியிலிருந்து மடமடவென்று இறங்கும். திரையில் ஓடுகிறவனுக்கு அவள் ஒவ்வொரு நாளும் ஓஸ்வால்டின் முகத்தை வைத்தாள். அவன் விழுகிற வரைக்கும் விடமாட்டாள். படத்தில் அவன் தப்பித்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தத் துரத்தல் வருஷா வருஷம் வளர்ந்தது. புதிய திருப்பங்கள் சேர்ந்தன. தாய் சாகிற காட்சிகளுக்கு வாசித்த மெதுவான பகுதி ஒன்றும் அதற்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அவள் உருவாக்கியதிலேயே சிறந்தது அதுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மலிவு டிக்கெட்டில் காலரியில் உட்காருகிறவர்களுக்கு வேறு மாதிரித் தெரிந்திருந்தது. மெதுவான பகுதியில் மூக்கைச் சிந்துவார்கள். குளம்புச் சத்தம் தொடங்கியதும் மூன்றாவது தாளத்துக்குக் கை தட்டுவார்கள். பிறகு காலால் பலகையை உதைப்பார்கள். வலது கை இறங்கும்போது விசில் பறக்கும். "பவுலினம்மா குதிரை வந்தாச்சு," என்பார்கள். படம் நன்றாக இல்லையென்றாலும் குதிரைக்காக வருகிறவர்கள் இருந்தார்கள்.

1931இல் பேசும் படம் வந்தது. கொட்டகைக்காரர் பியானோவை ஏலத்தில் விட்டார். பவுலின் காக்ஸ் டவுனில் ஒரு சின்ன வீட்டில் குடியேறி, பிள்ளைகளுக்குப் பியானோ கற்றுக் கொடுக்க ஆரம்பித்தாள். பெர்னார்ட் கல்யாண பேண்டுகளில் வாசித்தான்.

1935 ஜூலையில் ஒரு காலை ஓஸ்வால்ட் அவள் வாசலில் வந்து நின்றான்.

நாற்பத்தெட்டு வயது. நல்ல சூட்டு, நரைத்த கிருதா. லண்டனில் பெயர் வாங்கிய பியானோக்காரர் ஊருக்குத் திரும்பியிருக்கிறார் என்று பத்திரிகையில் வந்ததை அவள் பார்த்திருந்தாள். குவெட்டா நிலநடுக்க நிவாரணத்துக்காக நவம்பரில் புது டவுன் ஹாலில் அவன் கச்சேரி செய்வதாகவும், அதில் சொந்தமாக எழுதிய புதிய இசை ஒன்றை முதன்முதலாக வாசிக்கப்போவதாகவும் போட்டிருந்தார்கள்.

"உள்ள வரலாமா, பவுலின்?"

"வாங்க."

அவன் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டான். லண்டன் குளிரைப் பற்றிப் பேசினான். இறந்துபோன அப்பாவைப் பற்றிப் பேசினான். அவள் காத்திருந்தாள்.

"அப்போ நான் செஞ்சது தப்புதான்," என்றான் கடைசியில். "சின்ன வயசு. ஆனா ஒண்ணு சொல்றேன், உன் சொனாட்டாவை இந்த இருபது வருஷமா உலகம் பூரா வாசிச்சது நான்தான். பெங்களூர்லயே இருந்திருந்தா அதை யாரு கேட்டிருப்பா?"

"இப்போ என்ன வேணும்?"

அவன் தொப்பியின் விளிம்பைச் சுற்றினான். "புதுசா ஒண்ணு கேக்கறாங்க. இருபது வருஷமா கேக்கறாங்க. எனக்கு வரமாட்டேங்குது. நீ சும்மா இருந்திருக்க மாட்டே. எனக்குத் தெரியும்."

அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளத்தான் எழுந்தாள். எழுந்து ஜன்னல் வரைக்கும் நடந்தாள். அங்கே நின்றபோதுதான் அவளுக்கு அது தோன்றியது. தோன்றிய வேகத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு இருக்கு," என்றாள் திரும்பாமலே.

"யாராவது கேட்டிருக்காங்களா?"

"எந்தக் கச்சேரியிலயும் வாசிச்சதில்ல."

அது பொய் இல்லை.

முதல்முறையாக அவள் அதைக் காகிதத்தில் எழுதினாள். மெதுவான பகுதி முதலில், குதிரை பிறகு. நன்றாகவே எழுதினாள், பயாஸ்கோப்பில் அவசரத்துக்காக விட்டுவைத்த இடங்களையெல்லாம் சீர்செய்தாள். ஓஸ்வால்ட் வாரம் ஒருமுறை வந்து அவள் பியானோவில் வாசித்துக் காட்டினான்.

அங்கேதான் அவளுக்குக் கஷ்டம் வந்தது. அவன் அருமையாக வாசித்தான். அந்த மெதுவான பகுதி அவள் கையில் ஒருபோதும் அப்படிப் பேசியதில்லை. மூன்றாவது வாரம் அவன் அதை வாசித்து முடித்தபோது அவள் அடுப்பங்கரைக்குப் போய் நின்றுகொண்டாள். எல்லாவற்றையும் சொல்லி இதை நிறுத்திவிடலாமா என்று யோசித்தாள். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஓஸ்வால்ட் குஷியாக இருந்தான். "உன்னை நான் மறக்க மாட்டேன், பவுலின். அச்சுப் போடும்போது உன் பேரையும் சேர்க்கறேன். கடைசிப் பக்கத்துல, அடியில."

"என்னன்னு?"

"நகல் எழுதியவர் பவுலின்னு. இது உன் கையெழுத்துதானே. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். தன் அப்பா கோயில் வாசலில் சொன்ன அதே வார்த்தை என்பது அவனுக்குத் தெரியக்கூட இல்லை. பவுலின் கைப்பிரதியை அடுக்கி, ரிப்பன் கட்டி, அவன் கையில் கொடுத்தாள்.

"சந்தோஷம். எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

அவன் கச்சேரி வரைக்கும் அமைதியாகச் சாதகம் செய்யக் குன்னூருக்குப் போய்விட்டான். அவள் பெர்னார்டைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

பெர்னார்ட் முழுக்கக் கேட்டான். முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"காலரி டிக்கெட் சல்லிசுதான். நம்ம ஆளுங்களை நான் ரொப்பிடறேன். அது பெரிய காரியமில்ல. ஆனா அக்கா, அது நம்ம பாட்டு. சனங்க சிரிச்சா பாட்டையும் சேர்த்துத்தானே சிரிப்பாங்க?"

"சிரிக்கட்டும்."

"அப்புறம் அதை நீங்க எங்க போய் வாசிப்பீங்க?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அவங்ககிட்ட நீ எதுவும் சொல்லி வைக்காதே. குவெட்டாவுக்கு உதவின்னு மட்டும் சொல்லு. மத்தது தானா நடக்கும்."

நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை டவுன் ஹால் நிரம்பி வழிந்தது. முன் வரிசைகளில் துரைமார்களும் அவர்கள் மனைவிமார்களும், மைசூர் அரசாங்கத்துப் பெரிய உத்தியோகஸ்தர்களும். மேலே காலரியில் ஜட்காக்காரர்களும் ரஸ்ஸல் மார்க்கெட் வியாபாரிகளும் பழைய சிப்பாய்களும் குடும்பத்தோடு வந்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பவுலின் கீழே ஐந்தாவது வரிசையில், நடைபாதை ஓரத்தில் இடம் வாங்கியிருந்தாள். அவன் முகத்தை நன்றாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

இடைவேளைக்குப் பிறகு நிவாரணக் கமிட்டிச் செயலாளர் சேஷகிரி மேடையேறினார். செக்ரடேரியட்டில் வேலை, சங்கீதப் பித்து. அடுத்து வருவது குவெட்டாவில் மாண்டவர்களுக்கான இரங்கல் இசை என்றும், இரவு பகலாகக் கண்ணீரோடு அதை எழுதியதாக ஓஸ்வால்ட் தன்னிடம் சொன்னார் என்றும் அறிவித்தார்.

ஓஸ்வால்ட் மெதுவான பகுதியைத் தொடங்கினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேலே ஒரு முணுமுணுப்பு கிளம்பி வரிசை வரிசையாகப் போயிற்று. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். முன் வரிசையில் ஒரு துரைசானி, இந்தியர்கள் எவ்வளவு உருகுகிறார்கள் என்பது போலத் திரும்பிப் பார்த்தாள்.

இடது கையில் குளம்புச் சத்தம் எழுந்தது. மூன்றாவது தாளத்தில் காலரி முழுக்க ஒரே கையாகத் தட்டியது.

ஓஸ்வால்டின் தோள் ஒருமுறை குலுங்கியது. விடாமல் வாசித்தான். அடுத்த மூன்றாவது தாளத்தில் மறுபடி தட்டல், கூடவே பலகையில் கால் உதை. வலது கை உச்சிக்கு ஏறி இறங்கியபோது நாலு மூலையிலிருந்தும் விசில் பறந்தது.

"அரே, மிஸ்ஸம்மாகா கோடா ஹை யே," என்று உருதுவில், மிஸ்ஸம்மாவின் குதிரையல்லவா இது என வியந்தது ஒரு கிழக் குரல்.

"புடி, விடாதே," என்றது இன்னொன்று, பயாஸ்கோப்பில் கத்துகிற அதே ராகத்தில். காலரி முழுக்கச் சிரித்தது. அது குஷியான சிரிப்பு. நாலு வருஷமாகக் காணாமல் போயிருந்தது திரும்பக் கிடைத்துவிட்ட சிரிப்பு.

ஓஸ்வால்ட் கையை எடுத்துவிட்டான். அவனுக்கு என்ன நடக்கிறது என்றே விளங்கவில்லை. சேஷகிரி மேடைக்கு ஓடிவந்து காலரியைப் பார்த்துக் கை நீட்டினார்.

"என்னப்பா கலாட்டா இது? செத்தவங்களுக்கான இசை இது. தெரியாதா?"

காலரியின் முன்பக்கத்தில் இருந்த ஒரு ஜட்காக்காரர் எழுந்தார். "கலாட்டா இல்ல சாமி. இது எங்க பவுலினம்மா பாட்டு. பயாஸ்கோப்புல வருஷக்கணக்கா கேட்டிருக்கோம். இதுக்கு இப்படித்தான் தட்டுவோம்." பிறகு கீழே பார்த்தார். "தோ, அம்மாவே உக்காந்திருக்காங்களே."

ஹால் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. பவுலின் எழுந்து நின்றாள்.

"அம்மா, இது நீங்க எழுதினதா?" என்றார் சேஷகிரி.

"ஆமாங்க. அவரு பேரு வாங்கின சொனாட்டாவும் நான் எழுதினதுதான். இருபது வருஷம் முன்னாடி சொன்னேன். அப்போ யாரும் நம்பல."

ஓஸ்வால்ட் காலரியைப் பார்த்தான். மேடையிலிருந்து இறங்குவதற்காக நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

சேஷகிரிக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. "அப்போ நீங்களே வந்து வாசிச்சு முடிங்கம்மா," என்றார்.

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெரிய பியானோ மேடையில் திறந்து கிடந்தது. போயிருக்கலாம். ஆனால் ஓஸ்வால்ட் பாதி எழுந்த நிலையில், தப்பிக்க வழி கிடைத்தவன் போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாங்க," என்றாள் பவுலின். "சனங்க டிக்கெட் வாங்கி வந்திருக்காங்க. அவரே முடிக்கட்டும்."

காலரி ஆமோதித்து உதைத்தது. முன் வரிசைக்காரர்கள் அசையவில்லை. ஒருவரும் அவனை விடுவிக்கவில்லை. ஓஸ்வால்ட் உட்கார்ந்தான். குதிரையை ஆரம்பத்திலிருந்து வாசித்தான். ஏழு நிமிஷம். தட்டலும் விசிலும் உதையும் ஒரு தாளம்கூடத் தப்பாமல் கூடவே போயின. அவன் கழுத்து சிவந்து, பிறகு வெளுத்தது. பவுலின் நின்றுகொண்டே கடைசி வரைக்கும் பார்த்தாள். தன் வாழ்நாளில் அவ்வளவு ருசியாக எதையும் தின்றதில்லை என்று பிறகு பெர்னார்டிடம் சொன்னாள்.

மறுநாள் அவன் வந்தான். உள்ளே கூப்பிடாமல் வாசலிலேயே நிறுத்தினாள்.

"திருப்திதானே?" என்றான்.

"இல்ல. லண்டனுக்கு ஒரு கடுதாசி எழுது. சொனாட்டாவை எழுதினது யாருன்னு. இங்கயே எழுது, காகிதம் தரேன்."

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் தன்னை நீ என்று பேசியது அவனுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"அதை மட்டும் கேக்காதே, பவுலின். அது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு."

"என்கிட்டயும் அது ஒண்ணுதான் இருந்துச்சு."

அவன் எழுதவில்லை. அந்த வாரமே கொழும்புக்குப் போய்விட்டான். அங்கே ஏதோ ஒரு ஹோட்டலில் விருந்துகளுக்கு வாசிக்கிறான் என்று கேள்விப்பட்டார்கள்.

பத்திரிகைகள் பத்து நாள் எழுதின. திருட்டைப் பற்றி, காலரியைப் பற்றி, சிரிப்பைப் பற்றி. இசையைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. சேஷகிரி ஓயாமல் அலைந்து 1938இல் அந்தக் குதிரை இசையை அவள் பெயரிலேயே சென்னையில் அச்சடிக்கச் செய்தார். கண்டோன்மென்ட்டில் சின்னதாக ஒரு கச்சேரியும் வைத்தார். அவள் குதிரையை வாசிக்கத் தொடங்கியதும் முன் வரிசையில் இருந்த படித்த மனிதர்களே உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். அவர்களும் பத்திரிகை படித்தவர்கள்தானே. பவுலின் பாதியில் நிறுத்தி, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்துவிட்டு, மீண்டும் தொடங்கினாள். அப்போதும் சிரித்தார்கள். பெர்னார்ட் சொன்னது சரிதான் என்று வீட்டுக்கு வரும் வழியில் அவனிடமே ஒப்புக்கொண்டாள். ஆனால் திரும்பச் செய்யச் சொன்னாலும் அதையேதான் செய்வேன் என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் மேடையில் அதை வாசிக்கவில்லை. புதிதாக இரண்டு எழுதினாள். அவை இரண்டும் மெதுவானவை.

1943இல் ஓஸ்வால்ட் சாகக் கிடந்த நிலையில் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டான். ஒரு மாதம் இருந்தான். செத்த அன்று அவனுடைய அக்கா அல்போன்சா காக்ஸ் டவுனுக்கு வந்தாள்.

"பழசை மனசுல வைக்காதே, பவுலின். நாளைக்கு அடக்கப் பூசை. அவன் எழுதினது ஏதாவது ஒண்ணை நீ ஆர்கன்ல வாசிச்சா அவன் ஆத்துமா சாந்தியடையும்."

"அவரு எழுதினது எதுவும் எனக்குத் தெரியாதுக்கா," என்றாள் பவுலின். "அவரு எதுவும் எழுதலியே."

அல்போன்சா அழுதுகொண்டே போனாள்.

ஆனால் மறுநாள் பவுலின் பூசைக்குப் போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். சாமியார் இறந்தவனை இசைமேதை என்று புகழ்ந்தபோது முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஆர்கனில் ஒரு கட்டை அமுங்கி ஒட்டிக்கொண்டு, விடாமல் ஒரே சுரத்தில் ஊளையிட்டது. வாசித்துக்கொண்டிருந்த பெண் பதறிப்போய்க் கட்டைகளையெல்லாம் தட்டிப் பார்த்தாள். பவுலின் எழுந்து போய், அவளை நகரச் சொல்லி, கட்டையை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டாள். சத்தம் நின்றது. திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். பெட்டியைத் தூக்கியதும் கல்லறைக்குப் போகாமல் பக்கவாசல் வழியாக வெளியே வந்து, பதினோரு மணி வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் ஒரு ஜட்காவைக் கூப்பிட்டாள்.